படிவத்தில் யார் கையெழுத்து?
பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுகள் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

மாலை நான்கரை மணி இருக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வகுப்பறை வாசலில் வந்து நின்றார். நடவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். அவருடைய கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மஞ்சள் பையிலிருந்து பின் அடித்த சில தாள்களை எடுத்து நீட்டினார்.

"சார், பெரிய ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. பாப்பாவுக்கு ரத்தம் கம்மியா இருக்குதாம். ஏதோ ஆராய்ச்சியாம். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், வங்கிக் கணக்குப் படிவம் என்று நாள்தோறும் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போடுகிற கை அல்லவா? 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் பேனாவை வைக்கும் நேரத்தில்தான் மேலே இருந்த தலைப்பு கண்ணில் பட்டது: 'ஆராய்ச்சி ஒப்புதல் படிவம்'. பேனாவை மூடினேன். "நாளைக்கு வாங்கம்மா, முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்றிரவு அந்தப் படிவத்தைப் படித்தேன். அதன்பின் பல நாள் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கம்மாபுரம் போன்ற ஊர்களில் மருத்துவமனைத் தாளைப் பிரித்துப் பார்க்கும் முதல் படித்த ஆள் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஆகவே நான் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

மருத்துவச் சோதனை ஆய்வு என்றால் என்ன?

மருத்துவமனைகளில் 'கிளினிக்கல் டிரயல்' என்று சொல்வதைத்தான் தமிழில் மருத்துவச் சோதனை ஆய்வு என்கிறோம். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை போன்றதல்ல இது. ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ உண்மையிலேயே பயன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்பதை மனிதர்களிடம், முன்பே எழுதி வைத்த திட்டப்படி, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. இதில் முக்கியமான சொல் 'ஒப்பிட்டு' என்பது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் விரைவாகத் தேறினார்கள். ஒப்பீடு இருந்ததால்தான் அந்த வேறுபாடு அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை 'அ' பிரிவிலும் மற்றவர்களை 'ஆ' பிரிவிலும் போட்டுவிட்டு, 'அ' பிரிவில் புதிய கற்பித்தல் முறையைச் செயல்படுத்தினால், வரும் மதிப்பெண் முறையின் பெருமையா, பிள்ளைகளின் திறமையா என்று யாரால் சொல்ல முடியும்? மருந்து ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. மருத்துவரே ஆள் பார்த்துப் பிரித்தால், அவரை அறியாமலே நோய் குறைந்தவர்கள் ஒரு பக்கம் போய்விடலாம். அதனால்தான் யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. சில ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை தருவதும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பதும் உண்டு. முடிவில் யாருடைய நம்பிக்கையும் ஆசையும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். காலை வழிபாட்டில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்கிறார்கள். வரிசையின் முன்பாதியை ஒரு குழுவாகவும் பின்பாதியை இன்னொரு குழுவாகவும் கொண்டு சராசரி உயரம் கணக்கிடச் சொல்லுங்கள். பெரிய வேறுபாடு வரும். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு இரு குழுக்களாகப் பிரித்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். குழு பெரிதாக இருக்க இருக்க இன்னும் குறையும். புள்ளியியல் பாடத்தில் சராசரி நடத்தும்போது என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். "சீட்டுக்கு யாரையும் தெரியாது சார்" என்றான் ஒரு மாணவன். குலுக்கல் முறைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகம் ஏன் நடத்துகிறது?

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு 'ஸ்பான்சர்' உண்டு. விளையாட்டுப் போட்டிக்குப் பணம் கொடுப்பவரைப் போல நினைத்துவிடக் கூடாது. ஆய்வைத் தொடங்கி, நடத்தி, அதன் நன்மை தீமைக்குப் பொறுப்பேற்பவரே ஸ்பான்சர். புதிய மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவர நினைக்கும் நிறுவனம் ஸ்பான்சராக இருக்கலாம். பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ அரசு ஆய்வு நிறுவனமோ இருக்கலாம்.

நிறுவனம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் 'எங்கள் புதிய மருந்து வேலை செய்கிறதா?' என்பது. ஆனால் நோயாளிக்குத் தேவைப்படும் கேள்விகள் வேறு பல உண்டு. பழைய, மலிவான மருந்தே போதுமா? ஆறு மாதம் தருவதை நான்கு மாதத்தில் நிறுத்தலாமா? இவற்றுக்கு விடை கண்டால் யாருக்கும் லாபம் வராது. எனவே வணிக நோக்கில் இவற்றைக் கேட்க ஆள் குறைவு. அந்த இடத்தைத்தான் பல்கலைக்கழகங்கள் நிரப்புகின்றன.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். எது மருந்து என்று தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2020 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 'ரிக்கவரி' என்ற ஆய்வைத் தொடங்கியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள, மிக மலிவான டெக்சாமெத்தசோன் 2,104 பேருக்குத் தரப்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேருடன் அவர்கள் ஒப்பிடப்பட்டார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் அது 29 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அந்த மருந்தால் பயன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அப்போது உலகமே தேடி அலைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பைக் குறைக்கவில்லை என்பதையும் இதே ஆய்வு காட்டியது. 'பயன் இல்லை' என்பதும் ஒரு முடிவுதான். அது பலரை வீண் செலவிலிருந்தும் பக்கவிளைவிலிருந்தும் காப்பாற்றும்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

இவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு ஒன்று நம் சென்னையில் நடந்திருக்கிறது. நடத்தியது பல்கலைக்கழகம் அல்ல. ஆனால் லாபம் கருதாத அதே பொதுநோக்கம் கொண்ட ஆய்வு.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து மாதக்கணக்கில் ஓய்வும் நல்ல உணவும் தர வேண்டும் என்பதே வழக்கம். நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றிவிடாதா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்.

நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு. ஒரு பிரிவு சானடோரியத்தில், இன்னொரு பிரிவு தத்தம் வீட்டில். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். உணவிலும் ஓய்விலும் சானடோரியப் பிரிவைவிடப் பின்தங்கியவர்கள். ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியிருந்தவர்கள் சானடோரியப் பிரிவில் 92 சதவீதம், வீட்டுப் பிரிவில் 86 சதவீதம். ஏறத்தாழ ஒரே பலன். குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குத் தொற்று கூடுதலாக ஏற்படவில்லை என்பதும் தெரிந்தது. 1959-இல் முதல் முடிவுகள் வெளியாகின. இன்று நம் மாணவர் ஒருவரின் தந்தை காசநோய் மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கி, வேலைக்கும் போய்வர முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் அந்தச் சென்னை நோயாளிகளின் ஒப்புதலும் ஒத்துழைப்பும் இருக்கின்றன.

கையெழுத்து தவறிய இடம்

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. கம்மத்தில் மட்டும் சுமார் 14 ஆயிரம் பேர். பலர் பழங்குடி மாணவிகள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 'பாத்' என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து இதை ஒரு செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் நடத்தியது. சில சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. எச்.பி.வி. தடுப்பூசி இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கும் பயனுள்ள தடுப்பூசி. பிழை ஊசியில் இல்லை.

பிழை படிவத்தில் இருந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு வெளியிட்ட அறிக்கை, ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்று சொல்கிறது. பெற்றோருக்குச் செய்தி போகவே இல்லை. அந்தக் காப்பாளர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மேலிருந்து சொன்னார்கள், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று நம்பிக் கையெழுத்திட்டிருப்பார்கள். நான் பேனாவை எடுத்தபோது என் மனத்தில் இருந்ததும் அதே எண்ணம்தான்.

இன்றைய விதிகள் சொல்வது

இன்று நடைமுறையில் இருப்பவை 2019-இல் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறொரு நோய்க்கோ வேறொரு அளவிலோ வேறொரு முறையிலோ தந்து பார்க்கும், வணிக அனுமதி கோரும் நோக்கமில்லாத ஆய்வை 'கல்விசார் மருத்துவச் சோதனை' என்று இவ்விதிகள் தனியே வரையறுக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் சோதனைகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முதுகலை மருத்துவம் படிப்பவர்கள் ஆய்வேடு எழுத வேண்டும் என்பதால் அவர்கள் செய்யும் சோதனைகளும் இதில் வரும்.

இவ்வகை ஆய்வுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்தாலே பொதுவாகப் போதும். ஆகவே அந்தக் குழுவின் பொறுப்பு மிகப் பெரிது. குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவர் மட்டுமல்லாமல் சட்டம் அறிந்தவர், பெண் உறுப்பினர், மருத்துவத் துறை சாராத பொதுமனிதர் ஆகியோரும் இருக்க வேண்டும். படிவம் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா என்று சொல்லத்தான் அந்தப் பொதுமனிதர்.

ஆய்வு தொடங்குமுன் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2007-இல் தொடங்கப்பட்ட இந்த இணையப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். படிவத்தில் 'சி.டி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் எண் இருந்தால், அதைத் தேடி ஆய்வின் நோக்கம், நடத்துபவர், ஸ்பான்சர், நெறிமுறைக் குழு அனுமதி ஆகியவற்றைச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை மூன்று.

முதலாவது, 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். பெற்றோர் இல்லாதபோது சட்டப்படியான பாதுகாவலர் தர வேண்டும். வகுப்பாசிரியரோ தலைமையாசிரியரோ விடுதிக் காப்பாளரோ பதவியின் பேரில் அந்த இடத்தில் கையெழுத்திட முடியாது.

இரண்டாவது, பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஏழு முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாக இசைவு பெற வேண்டும். அதற்கு மேல் 18 வயது வரை, பிள்ளைக்குப் புரியும் மொழியில் தனித்தாளில் எழுத்து மூலம் பெற வேண்டும்.

மூன்றாவது, பெற்றோருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்குவது முதல் கையெழுத்தோ கைரேகையோ இடுவது வரை உடனிருந்து, தானும் கையெழுத்திட வேண்டும். இந்தச் சாட்சியாக ஓர் ஆசிரியர் தாராளமாக இருக்கலாம். பாதுகாவலராகக் கையெழுத்திடுவது பெற்றோரின் உரிமையை எடுத்துக்கொள்வது. சாட்சியாகக் கையெழுத்திடுவது அந்த உரிமைக்குத் துணை நிற்பது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

நம்மிடம் படிவத்தோடு வரும் பெற்றோரிடம் 'போடுங்க' என்றோ 'போடாதீங்க' என்றோ சொல்வது நம் வேலை அல்ல. இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்து, மருத்துவரிடம் கேட்கச் சொல்லலாம்:

1. இது வழக்கமான சிகிச்சையா, ஆராய்ச்சியா? எதைக் கண்டுபிடிக்க இந்த ஆராய்ச்சி?
2. என் பிள்ளைக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது மருத்துவரா, குலுக்கலா?
3. சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? அது குறையாமல் கிடைக்குமா?
4. என்ன பக்கவிளைவு வரலாம்? வந்தால் யாரை அழைப்பது? அந்தச் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?
5. எத்தனை முறை வர வேண்டும்? எத்தனை முறை ரத்தம் எடுப்பீர்கள்? பயணச் செலவு உண்டா?
6. நடுவில் விலகிக்கொள்ளலாமா?
7. பிள்ளையின் பெயரும் விவரங்களும் வெளியே போகாமல் இருக்குமா?

இரண்டாம் கேள்வி மிக முக்கியம். 'டாக்டர் என் பிள்ளைக்கு எது நல்லதோ அதைக் கொடுப்பார்' என்ற நம்பிக்கையில்தான் பெற்றோர் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஆய்வில் அதைச் சீட்டு முடிவு செய்கிறது. இரண்டில் எது மேல் என்பது மருத்துவர்களுக்கே உண்மையில் தெரியாத நிலையில்தான் அப்படிச் செய்வது நியாயம். இதைப் பெற்றோருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மீண்டும் அந்த மஞ்சள் பை

அம்மா கொண்டுவந்த படிவத்தில் இருந்தது நல்ல கேள்விதான். ரத்தசோகை உள்ள வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் தருவதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தருவதா? ஒரு நாள் மாத்திரை விழுங்கினால், அடுத்த நாள் இரும்பை உறிஞ்சுவதை உடலே குறைத்துக்கொள்கிறது. இளம்பெண்களிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் இரும்பு கூடுதலான பங்கு உறிஞ்சப்படுகிறது என்று சுவிட்சர்லாந்தின் ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் ஹீமோகுளோபின் அளவை எது நன்றாக உயர்த்தும் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. வாரந்தோறும் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்.

படிவத்தின் கடைசித் தாள் 13 வயதுச் சிறுமிக்கானது. 'உனக்கு விருப்பமா?' என்று எளிய தமிழில் கேட்டிருந்தது. அந்தத் தாளை அவளிடம் அதுவரை யாரும் காட்டவில்லை.

மறுநாள் மாலை இருவரையும் உட்கார வைத்துப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா வார்த்தைக்கு வார்த்தை கேட்டார். மாணவி கடைசித் தாளை எடுத்து, தானே இரண்டு முறை படித்தாள். "நடுவுல வேணாம்னா நிறுத்திக்கலாமா சார்?" என்று கேட்டாள். "அதை டாக்டர்கிட்ட கேளும்மா" என்று கேள்விகள் எழுதிய தாளைக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் அம்மா வந்து சொன்னார். "டாக்டரம்மா எல்லாத்துக்கும் பொறுமையாப் பதில் சொன்னாங்க சார். எப்ப வேணா நிறுத்திக்கலாமாம். பஸ் காசும் குடுப்பாங்களாம். ஆனா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போவணும். இது நடவு நேரம், கூலி போயிடும். வேணாம்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் கோவிச்சுக்கல. வழக்கமா குடுக்குற மாத்திரையைக் குடுத்து, ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க."

அவர் சேர்ந்திருந்தாலும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். முதல் நாள் மாலை நான் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த 'வேணாம்' என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே இருந்திருக்காது. மாணவியிடம் படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடைசித் தாளை மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறாளாம். "என் பேர் போட்டு என்னைக் கேட்டது இதுதான் சார் முதல் தடவை" என்றாள்.